கீமோ நடக்கும் வீட்டை ஓட்டுவது எப்படி

மனைவிக்கோ கணவனுக்கோ கேன்சர் என்று தெரிந்து, ஆபரேஷன் முடிந்து, "அடுத்து கீமோ, அப்புறம் கரண்ட் (ரேடியேஷன்)" என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு ஊர் திரும்பியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயைப் பற்றிச் சொல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். காலையில் யார் உலை வைப்பது, மாட்டை யார் பார்ப்பது, ராத்திரி காய்ச்சல் அடித்தால் எங்கே ஓடுவது, பார்க்க வருகிறவர்களை எங்கே உட்கார வைப்பது, இதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. நாங்கள் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம். என் மனைவிக்கு மார்பகத்தில் வந்தது, அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அதிலிருந்தே வரும். மருந்தும் அளவும் ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் டாக்டர் சொல்வது இதற்கு மாறாக இருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

முதலில் காலண்டர்

நகைக்கடையில் கொடுக்கிற பெரிய மாதக் காலண்டர் எல்லார் வீட்டு அடுப்படியிலும் ஒன்று தொங்கும். அதை எடுங்கள். மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் கீமோவில் பலவும் 21 நாளுக்கு ஒரு முறை வரும் (சில மருந்து வாராவாரம், அதற்குக் கணக்கு வேறு, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்). மருந்து ஏறிய நாளுக்கு 1 என்று போட்டு அடுத்த கீமோ வரைக்கும் வரிசையாக எண் எழுதிவிடுங்கள்.

1 முதல் 5, 6 வரை குமட்டல், அசதி, வாய்க் கசப்பு, மலச்சிக்கல். ஆளைப் பார்த்தாலே தெரியும், வீடே அடங்கிக் கிடக்கும். அதற்கு அடுத்த வாரம்தான் ஏமாற்றும். பெரும்பாலான மருந்துகளுக்கு 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரைக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் அவர் எழுந்து நடப்பார், சிரித்துப் பேசுவார், "தேவலாம்போல இருக்கு, வாசலைப் பெருக்கட்டுமா" என்று கேட்பார், ஆனால் சாதாரணக் கிருமி ஒன்று உள்ளே போனால்கூடத் தடுக்க ஆள் இருக்காது. 15க்கு மேல் கவுண்ட் (ரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை) ஏற ஆரம்பிக்கும், வாய்க்கு ருசி கொஞ்சம் திரும்பும், அந்த ஒரு வாரம் வீட்டில் பழைய சத்தம் கேட்கும்.

இந்த எண்களை வைத்துத்தான் வீட்டையே ஓட்ட வேண்டும் என்பது என் கட்சி. நோயை நினைத்துக்கொண்டு ஆறு மாதமும் ஒரே மாதிரி பயந்து கிடந்தால் யாராலும் தாக்குப் பிடிக்க முடியாது. எந்த நாளில் பயப்பட வேண்டும், எந்த நாளில் சினிமா பார்க்கலாம் என்று தெரிந்தால் முடியும். பேங்க் வேலை, மகளிர் குழு கூட்டம், பள்ளிக்கூடத்தில் கையெழுத்து, பக்கத்துச் சொந்தத்தில் கல்யாணம், எல்லாவற்றையும் 15க்கு மேல் தள்ளுங்கள். விவசாயம் இருக்கிறவர்கள் இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். குறுவை அறுப்பு முதல் ஐந்து நாளில் வந்து விழுந்தால், கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு ராத்திரி காவல் கிடக்கிற வேலையை அண்ணன் தம்பியிடமோ பங்காளியிடமோ முன்கூட்டியே ஒப்படைத்துவிடுங்கள். அந்த ராத்திரிகளில் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

அடுத்த கீமோவுக்கு முதல் நாளோ இரண்டு நாள் முன்போ ரத்தப் பரிசோதனை இருக்கும். அதைப் பக்கத்து ஊர் லேப்பிலேயே எடுத்து ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டு வையுங்கள். கவுண்ட் போதவில்லை என்றால் ஒரு வாரம் தள்ளிப் போடுவார்கள், வீண் பயணம் மிச்சம். தள்ளிப் போனால் காலண்டரில் எண்ணை மாற்றி எழுதுங்கள், அழுது பயனில்லை.

காய்ச்சல் வந்தால்

இந்தக் கட்டுரையில் இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். மருந்துக்கடையில் இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். நெற்றியில் புறங்கை வைத்துப் பார்ப்பது இங்கே செல்லாது. 100.4 டிகிரி பாரன்ஹீட் காட்டினால் அது அவசரம், ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மெடிக்கலில் ஒரு டோலோ வாங்கிக் கொடுத்துப் பார்ப்போம் என்கிற நம் ஊர் வழக்கம் இந்த இடத்தில் ஆபத்து: மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், கிருமி உள்ளே வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். குளிர் நடுக்கம் வந்தால் தெர்மாமீட்டர் குறைவாகக் காட்டினாலும் போன் செய்யுங்கள்.

முதல் கீமோவுக்குப் போகும்போதே இரண்டு காரியம் முடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ராத்திரியில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று நம்பர் வாங்குவது. இரண்டு, டாக்டரிடம் அவர் லெட்டர்பேடிலேயே இப்படி ஒரு சீட்டு எழுதி வாங்குவது: இவருக்குக் கீமோ நடக்கிறது, கொடுக்கும் மருந்து இது, காய்ச்சலோடு வந்தால் உடனே சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) பார்த்து ஆன்டிபயாட்டிக் ஊசியைத் தாமதிக்காமல் போடவும். கீமோ பார்த்த ஆஸ்பத்திரி திருச்சியிலோ புதுச்சேரியிலோ இருக்கும், காய்ச்சல் வருவது நம் ஊரில் நடு ராத்திரி. முதலில் போய் நிற்கப்போவது பக்கத்து ஊர் அவசரப் பிரிவில்தான். அங்கே வரிசையில் உட்கார வைத்து, "சாதாரண வைரல் ஜுரம்தான்" என்று அனுப்பாமல் இருக்க அந்தச் சீட்டு வேண்டும். அவசரப் பிரிவுக்கு வந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊசி போக வேண்டும் என்பதுதான் மருத்துவ முறை. சீட்டைப் பர்ஸில் ஒன்று, அவர் கைப்பையில் ஒன்று, போனில் படமாக ஒன்று வையுங்கள். 108 எல்லாருக்கும் தெரியும், அது வர நேரமாகும் உள்கிராமம் என்றால் ஊரில் கார் வைத்திருக்கும் ஒருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் கீமோ நடந்தால் மழையையும் கணக்கில் சேருங்கள். புயல் சின்னம் என்று செய்தி வந்தால் கீமோ தேதிக்கு முதல் நாளே கிளம்பிப் போய்த் தங்கிவிடுவது நல்லது. கொசுவலை கட்டாயம். வயல் சேற்றில் அவர் கால் வைக்கவே கூடாது, எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் இருக்கும்.

"கவுண்ட் ஏத்துற ஊசி" என்று ஒன்று கொடுத்து அனுப்புவார்கள். கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துப் போடுவது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக் வைத்து, ஊசி ஐஸில் நேரடியாகப் படாமல் துணி சுற்றிக் கொண்டுவாருங்கள். வீட்டில் பிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், பிரீசரில் வேண்டாம். போட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் இடுப்பெலும்பும் தொடையெலும்பும் குடையும். மருந்து வேலை செய்வதால் வருகிற வலிதான், வலிக்கு என்ன கொடுக்கலாம் என்று முன்பே கேட்டு வையுங்கள்.

அடுப்படி

சமைக்கத் தெரியாத ஆண்கள் முதலில் கஞ்சி, ரசம், இட்லி, குழைந்த பருப்புச் சாதம், இந்த நான்கையும் பழகிக்கொண்டால் முதல் ஐந்து நாளை ஓட்டிவிடலாம். ஆனால் அடுப்படியை அவர் கையிலிருந்து பிடுங்கிவிடாதீர்கள். என் மனைவி நிலைப்படியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். தாளிக்கும் நேரம் மட்டும் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னங்க, கடுகு வெடிக்கிறதுக்கு முன்னாடியே வெங்காயத்தைக் கொட்டாதீங்க" என்று அங்கிருந்தே சொல்வாள். அவள் நாக்கில் உப்பு தெரியாது. அதனால் உப்பு பார்க்கிற வேலை பையனுக்கு. அவன் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து "கொஞ்சம் கம்மி" என்பான், எவ்வளவு போட வேண்டும் என்பதை அவள் சொல்வாள். ஆள் படுத்திருந்தாலும் வீடு அவர் வீடுதான் என்பது இப்படிச் சின்ன விஷயங்களில்தான் நிலைக்கும். மளிகைச் சாமான் லிஸ்ட், சீட்டுப் பணக் கணக்கு, பிள்ளைக்கு எந்தச் சட்டை, இதெல்லாம் அவரிடமே இருக்கட்டும்.

தாளிப்பு வாசனையும் மீன் வாசனையும்தான் குமட்டலைக் கிளப்பும். கொல்லைக் கதவைத் திறந்து வைத்து, அவர் முன்கட்டில் இருக்கும்போது சமைத்துவிடுங்கள். ஆறவைத்துக் கொடுத்தால் வாசனை குறையும். மூன்று வேளை வட்டில் நிறையச் சோறு என்பதை மறந்துவிட்டு ஆறு வேளை சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள். குமட்டல் மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு தேடக் கூடாது, எழுதிக் கொடுத்த நேரத்துக்குப் போட்டுவிட வேண்டும். அந்த மாத்திரையில் சிலது மலச்சிக்கல் பண்ணும், அதற்கும் ஒரு மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டால் இரும்பு வாடை அடிக்கிறது என்று சொன்னால் பீங்கானுக்கு மாறுங்கள், ஸ்பூனும் பிளாஸ்டிக்கில் கொடுங்கள்.

கவுண்ட் குறைந்த வாரத்துக்குத் தனிச் சட்டம்: வெந்தது மட்டும், அப்போது செய்தது மட்டும். பழைய சோறு எவ்வளவு பிடித்தாலும் அந்த வாரம் கிடையாது. பச்சை முட்டையை உடைத்துப் பாலில் ஊற்றிக் குடித்தால் தெம்பு என்று ஒரு பெரியம்மா கட்டாயம் சொல்வார், வேண்டாம்; முட்டை கெட்டியாக வேக வேண்டும். முளைகட்டிய பயறு, வெங்காயப் பச்சடி, கடையில் நறுக்கி வைத்த பழம், ரோட்டுக் கடைக் கரும்புச் சாறு, எல்லாம் ஒதுக்கம். பால்காரர் பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள். குழாய்த் தண்ணீரோ பம்புத் தண்ணீரோ, கொதிக்க வைத்து ஆறியதுதான் குடிக்க. தோலுரிக்கிற பழம் சரி: பூவன், ஆரஞ்சு.

பத்தியம் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. மீன் ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, தயிர் ஆகாது, பருப்பு வாயு என்று ஒவ்வொருவரும் ஒன்றைத் தடுத்தால் கடைசியில் மிச்சம் ரசமும் அப்பளமும்தான். மருந்து அடித்துப்போட்ட உடம்பு தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்ளப் புரதம் வேண்டும். முட்டை, விரால் குழம்பு (காரம் குறைத்து), பாசிப்பருப்பு, வீட்டில் அன்றன்று தோய்த்த தயிர், அவித்த நிலக்கடலை, இதெல்லாம் வேண்டும். சர்க்கரை சாப்பிட்டால் கட்டி வளரும் என்று வாட்ஸ்அப்பில் வரும், அதை நம்பிச் சோற்றையே நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை வியாதி இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், ராத்திரித் தூக்கத்தையும் கெடுக்கும். அந்த நாட்களில் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாய்ப்புண்ணுக்கு: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. சாப்பிட்ட பிறகெல்லாம் கொப்பளிக்க வேண்டும், புண் வரும் முன்பே ஆரம்பித்துவிட வேண்டும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். பிரஷ் மிக மிருதுவானது. வேப்பங்குச்சி, பல்பொடி, வெற்றிலை பாக்கு மூன்றும் லீவு.

குளியலறையும் துணியும்

மருந்து உடம்பிலிருந்து வெளியேற இரண்டு நாள் போல ஆகும். அந்த 48 மணி நேரம் கழிவறையில் மூடியை மூடி இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். வாந்தியோ நனைந்த துணியோ எடுத்தால் கையுறை போட்டு எடுங்கள், அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலை அவருக்கு வேண்டாம். சிவப்பு மருந்து ஏறியவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பயந்து ஓடாதீர்கள். மற்றபடி கேன்சர் ஒட்டுவார்ஒட்டி கிடையாது. தட்டு டம்ளரைத் தனியாக வைப்பது, பிள்ளையைப் பக்கத்தில் படுக்க விடாமல் தடுப்பது, இதற்கெல்லாம் ஒரு காரணமும் இல்லை.

முடி கொட்டுவது முதல் கீமோவுக்கு இரண்டு மூன்று வாரத்தில் ஆரம்பிக்கும். கொத்துக் கொத்தாகத் தலையணையில் பார்ப்பதைவிட முன்கூட்டியே குட்டையாக வெட்டிக்கொள்வது பலருக்குச் சுலபமாக இருக்கிறது, ஆனால் முடிவு அவருடையது. நம் ஊரில் ஒரு வசதி, மொட்டையைப் பார்த்து யாராவது கேட்டால் "வேண்டுதல்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம், அதற்கு மேல் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

பார்க்க வருகிறவர்கள்

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போகாமல் இருந்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற ஊர் நம்முடையது. வேனில் வந்து இறங்குவார்கள். வரக்கூடாது என்று நீங்கள் சொன்னால் அது தலைமுறைக்கும் பேச்சாகிவிடும், அதனால் பழியை டாக்டர் மேல் போடுங்கள்: "யாரையும் உள்ளே விடக்கூடாதுன்னு ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாருங்க." திண்ணையில் நாற்காலி போட்டு, காபி கொடுத்து, அங்கேயே பேசி அனுப்பலாம். வந்தவர் இருமினாலோ மூக்கை உறிஞ்சினாலோ ஜன்னல் வழியாகக்கூட வேண்டாம். அம்மை போட்ட வீட்டிலிருந்து யாராவது வந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள், காத்திருந்து பார்க்கிற விஷயம் அது கிடையாது.

இதே நோயில் செத்துப்போனவர்களின் கதையைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாயைத் திறந்ததும் அவருக்கு மாத்திரை நேரம் வந்துவிட வேண்டும். இதற்கு வீட்டில் ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மருந்து சொல்கிறவர்கள். முள்சீத்தாக் கஷாயம், சீந்தில் பொடி, ஏதோ ஒரு வைத்தியர் கொடுக்கும் உருண்டை. கீமோ நடக்கும்போது இவற்றைச் சேர்த்தால் கல்லீரலும் சிறுநீரகமும் எதைத் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது, கொடுக்கத் தோன்றினால் டாக்டரிடம் பேரைச் சொல்லிக் கேளுங்கள். நித்தியகல்யாணி இலையைப் பச்சையாகத் தின்னச் சொல்வார்கள். "இதிலிருந்துதானே கேன்சர் மருந்தே எடுக்கிறான்" என்பார்கள். எடுப்பது உண்மைதான், வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் அந்தச் செடியிலிருந்து வந்தவை. அவற்றை மில்லிகிராம் கணக்கில் அளந்து நரம்பில் ஏற்றுகிறார்கள். இலையைத் தின்றால் அது விஷம்.

சாமி விஷயத்தில் நான் யாரையும் தடுக்க மாட்டேன், நாங்களும் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டவர்கள்தான். திருக்குளத்தில் வெல்லம் கரைப்பதை அவருக்காக நீங்கள் போய்ச் செய்யலாம். திருச்சாந்துருண்டை கொண்டுவந்தால், மண்ணும் சாம்பலும் சேர்ந்தது என்பதால் கவுண்ட் தேறும் வரை பூஜை மாடத்தில் இருக்கட்டும், விபூதி நெற்றிக்குப் போதும். ஆடிப்பெருக்கன்று படித்துறையில் முழுக்குப் போடுவது அடுத்த வருஷத்துக்கு.

பிள்ளைகள்

அம்மாவுக்கு என்ன வந்திருக்கிறது என்று பேரைச் சொல்லியே சொல்லிவிடுங்கள். ஒளித்தால் தெருவில் கேட்டுக்கொண்டு வருவார்கள், அது இன்னும் மோசமாக இருக்கும். வகுப்பு டீச்சரிடம் ஒரு வார்த்தை போதும். பெண் பிள்ளை இருந்தால் சமையலுக்கு ஆள் கிடைத்தது என்று பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துகிற வேலையை மட்டும் செய்யாதீர்கள், பத்து நாள் என்று ஆரம்பித்து அது ஒரு வருஷத்தை விழுங்கும். அரசுப் பள்ளியில் 1 முதல் 5 வரை படிக்கிற பிள்ளைக்குக் காலை டிபன் அங்கேயே கிடைக்கிறது, கீமோ வாரத்தில் வெட்கப்படாமல் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். நாகை மாவட்டம் திருக்குவளையில் வைத்துத்தான் 2023 ஆகஸ்டில் அந்தத் திட்டத்தை எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் விரித்தார்கள், நம்ம பக்கத்துத் திட்டம் என்றே சொல்லலாம்.

காகிதமும் பணமும்

ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை ஒன்று. மழைக்காலம் என்று ஒன்று இருக்கிறது, அட்டை பைல் ஊறிப் போகும். பயாப்ஸி ரிப்போர்ட், ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு கீமோ சீட்டும், ரத்த ரிப்போர்ட்டுகள் தேதி வரிசையில். எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வேறு ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். பயாப்ஸி பிளாக் (கட்டியிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்தது) எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், பின்னால் வேறு இடத்தில் கேட்பார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் சேரலாம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். உதவிக்கு 1800 425 3993. காப்பீட்டில் பார்ப்பதாக இருந்தால் சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேஜையில் பேசிவிடுங்கள், பணம் கட்டிவிட்டு அப்புறம் கேட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி, புதுச்சேரி ஜிப்மர் என்று தூரம் போகிறவர்கள் ரயிலில் போங்கள். சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகும் கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அடிப்படைக் கட்டணம் முழுக்கச் சலுகை, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம். இதற்கென்று உள்ள படிவத்தில் ஆஸ்பத்திரி டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ரிசர்வேஷன் கவுண்டரில் கொடுக்க வேண்டும். கீமோ முடிந்து திரும்பும்போது கீழ் பெர்த் கிடைத்தால், கழிவறையும் பக்கத்தில் இருந்தால், பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டு வருவதோடு ஒப்பிட முடியாது.

மகளிர் குழுக் கடன், கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன், நகைக்கடன், எல்லாவற்றின் தவணைத் தேதியையும் அதே காலண்டரில் எழுதுங்கள். தவணை தவறுவதற்கு முன்னால் போய்ச் சொல்கிறவருக்குக் கிடைக்கும் மரியாதை தவறிய பிறகு போகிறவருக்குக் கிடைக்காது.

கரண்ட் வைக்கும் வாரங்கள்

ரேடியேஷன் வாரத்தில் ஐந்து நாள், சனி ஞாயிறு லீவு. மார்பகத்துக்கு மூன்று வாரமும் உண்டு, ஐந்து வாரமும் உண்டு. மிஷினில் படுத்திருப்பது சில நிமிஷம்தான், போக வரத்தான் நாள் போய்விடும். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் ஆஸ்பத்திரி பக்கத்தில் ரூம் எடுப்பது உடம்புக்கு நல்லது. வெளியிலிருந்து வைக்கும் கரண்ட் உடம்பில் தங்காது, வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைக் கட்டிக்கொள்ளலாம்.

தோலில் போட்டிருக்கும் கோடு அழியக் கூடாது. அந்த இடத்தில் மஞ்சள், சந்தனம், பவுடர், தேங்காயெண்ணெய், எதுவும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். தேய்க்காமல் தண்ணீர் விட்டு ஒற்றி எடுங்கள். பழைய காட்டன் ஜாக்கெட்டைத் தளர்த்தித் தைத்துக் கொடுங்கள், வியர்க்கிற ஊரில் அதுதான் பெரிய மருந்து. தோல் கறுத்து உரிவது கடைசி வாரத்திலும் முடிந்த பிறகும்தான் அதிகமாக இருக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு

கடைசிக் கரண்ட் முடிந்த அடுத்த வாரமே "அதான் முடிஞ்சிடுச்சே, நடவுக்கு வரலையா" என்று கேட்பார்கள். அசதி மாதக்கணக்கில் இருக்கும். தூங்கி எழுந்தாலும் போகாத அசதி அது. படுத்தே கிடந்தாலும் கூடும், அதனால் தினமும் தெருக்கோடி வரை ஒரு நடை, அடுத்த வாரம் வாய்க்கால் மதகு வரை, இப்படி ஏற்றிக்கொண்டே போங்கள். வீட்டு வேலையையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுங்கள், அவர் கேட்டு வாங்கட்டும்.

அக்குளில் நெறி (நிணநீர் முடிச்சு) எடுத்திருந்தால் அந்தக் கையை ஆயுசுக்கும் கவனிக்க வேண்டும். அந்தக் கையில் ஊசி, ரத்தம் எடுப்பது, பிபி பார்ப்பது வேண்டாம் என்று போகிற இடமெல்லாம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். புல்லறுக்க, மீன் கழுவ, பாத்திரம் தேய்க்க அந்தக் கைக்குக் கையுறை. நிறைகுடத்தைத் தூக்கி ஆரம்பிக்கக் கூடாது, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியைச் செய்து மெல்ல மெல்லப் பாரம் ஏற்றலாம். வளையல் இறுகினாலோ கை கனத்தாலோ உடனே காட்டுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிக்கு வீட்டுக்கே வருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பாக்லிடாக்சல் என்கிற கீமோ மருந்து போட்டவர்களுக்குப் பாதம் மரத்துப்போய்க் கிடக்கும், முள் குத்தினாலும் தெரியாது. வீட்டுக்குள்ளேயும் செருப்பு.

புருஷன் பெண்டாட்டி விஷயத்தை யாரும் கேட்பதில்லை, டாக்டரும் அவசரத்தில் சொல்வதில்லை. கீமோ நடக்கும்போதும் முடிந்து டாக்டர் சொல்லும் வரையும் கர்ப்பம் தரிக்கக் கூடாது, மருந்து ஏறிய நாட்களில் ஆணுறை அவசியம். மாதவிலக்கு நின்றுபோகலாம், உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும், வறட்சி இருக்கும், ஆசையே இல்லாமலும் போகலாம். இதில் எதுவும் உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை. தழும்பைப் பார்க்கச் சொன்னால் பாருங்கள், சொல்லாதவரை கேட்காதீர்கள்.

ஹார்மோன் மாத்திரை எழுதியிருந்தால் அது ஐந்து வருஷம், சிலருக்குப் பத்து. நன்றாக இருக்கிறோமே என்று நடுவில் நிறுத்துகிறவர்கள் அதிகம். கையில் இருக்கும் அட்டை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த மாதத்து அட்டையை வாங்கி வைப்பதை உங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

செக்கப் தேதி நெருங்கும் வாரத்தில் வீட்டில் எதற்கெடுத்தாலும் சண்டை வரும். அது பயம். அந்த வாரத்தில் பெரிய முடிவு, பெரிய செலவு, சம்பந்தம் பேசுவது எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வருஷா வருஷம் மேமோகிராம் எடுக்கும்போது பழைய பிலிமையும் கையோடு கொண்டுபோங்கள், புதியதைப் பழையதோடு வைத்துப் பார்த்தால்தான் அவர்களுக்கு வித்தியாசம் தெரியும். ஆஸ்பத்திரியில் காலை டோக்கன் சீக்கிரம் தீர்ந்துவிடும், முதல் நாள் ராத்திரி ரயிலைப் பிடித்துவிடுங்கள்.